படை அதிகாரியும் பட்ட மேற்படிப்பும்

அரசின் செலவில் உயர்கல்வி பெற்ற படை அதிகாரி சேவையில் நீடிப்பாரா, அல்லது புதிய பட்டத்தோடு நல்ல ஊதியம் தேடி வெளியேறிவிடுவாரா? அமெரிக்கப் படைகள் நெடுங்காலமாக இவ்வினாவோடு மல்லாடி வருகின்றன.

அந்நாட்டுக் கடற்படை 1909-ஆம் ஆண்டில் அன்னாபோலிஸ் நகரில் கப்பற்பொறியியற் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. அதுவே பட்ட மேற்படிப்புக் கல்லூரியாக வளர்ந்து, 1951-இல் கலிபோர்னியாவின் மான்டரே நகருக்குக் குடிபெயர்ந்தது. செல்வர்கள் ஓய்வெடுக்க வந்த பெரியதோர் ஓட்டலே அதன் தலைமைக் கட்டடமாயிற்று. நம் மாணவர்களுக்குச் சற்றே பொறாமை உண்டாகலாம்!

இக்கல்விக்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை. ஆண்டுகளைச் செலுத்த வேண்டும். தரைப்படையில், அரசு முழுச் செலவையும் ஏற்கும் படிப்பாயின், பயின்ற ஒவ்வொரு நாளுக்கும் மூன்று நாள் சேவை என்பது விதி. எட்டாண்டு பணியாற்றிய ஒருவர் ஈராண்டு பயின்றால் பத்து ஆண்டு. பின்னர் ஆறாண்டுக் கடனைத் தீர்த்தால் பதினாறு. இருபது ஆண்டு நிறைந்தால் வாழ்நாள் முழுதும் ஓய்வூதியம் உண்டு. எஞ்சிய நான்கு ஆண்டுக்காக அதனைக் கைவிடுவார் யார்? ஆகவே அவரை நிறுத்தி வைத்தது கல்வியா, ஓய்வூதியமா என்று பிரித்தறிவது எளிதன்று. 2018-இல் வந்த புதிய முறையில் ஓய்வூதியம் சற்றுக் குறைவு. ஆனால் இடையில் விலகுவோரும் அரசு செலுத்திய சேமிப்பை எடுத்துச் செல்லலாம். கயிறு சிறிது தளர்ந்துவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீண்ட நாள் பணிபுரியக் கருதியவரே பெரும்பாலும் இப்படிப்பை நாடுகின்றனர். நூலகத்துக்கு வருவோர் அனைவரையும் நூலகமே படிப்பாளிகளாக்கிற்று என்று சொல்லிவிடலாமா? பட்டம் பெற்றோர் மிகுதியாக நீடிக்கின்றனர் என்னும் கணக்கை இவ்வெச்சரிக்கையோடுதான் நோக்க வேண்டும்.

இராக் போர்க் காலத்தில் கேப்டன் தரத்தினர் போதாமற் போகவே, தரைப்படை 2006-இல் வேறொரு வழியைக் கையாண்டது. மூன்றாண்டு கூடுதலாகப் பணிபுரிய இசையும் பயிற்சி மாணவர், மேற்படிப்பையோ, விரும்பிய பிரிவையோ, விரும்பிய இடத்தையோ முன்னரே உறுதி செய்துகொள்ளலாம். வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியில் தேறியவருக்கு ஐந்தாண்டுச் சேவை எட்டாண்டாகும். இருபத்திரண்டு வயது இளைஞன் முப்பது வயதுக்கான முடிவை அன்றே எடுத்துவிடுகிறான்!

ஒப்பந்தம் உடலை நிறுத்தலாம். உள்ளத்தை நிறுத்துவது பின்னர்க் கிடைக்கும் வேலை என்பது என் கருத்து. கற்ற துறைக்குத் தொடர்பற்ற மேசையில் அமர்த்தப்பட்டவர் நாட்களை எண்ணத்தானே செய்வார்? கடற்படை எந்தெந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு வேண்டுமெனக் குறித்து வைத்து, பயின்றோரை அப்பதவிகளுக்கு அனுப்ப முயல்வது இதனாலேயே.