ஆட்டக்காரரை அளக்க முடியுமா?

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும் முத்துப்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடிக் களங்கள் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நெல் விளைந்த வண்டல் மண்ணைச் சமன் செய்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, இரவில் விளக்குகள் கட்டி ஆட்டம் நடக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுள் ஒருவர், “இந்தப் பையன் பெரிய ஆட்டக்காரனாக வருவான்” என்பார். இன்னொருவர், “இவன் இந்த ஊரோடு சரி” என்பார். இருவரும் எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தார்கள்?

முன்பெல்லாம் இக்கேள்வி திண்ணைப் பேச்சோடு முடிந்துவிடும். இன்று அப்படியல்ல. 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது ஏலத்தில் மிக உயர்ந்த விலை 12.80 லட்ச ரூபாய். 2023-இல் பவன் செராவத் என்ற வீரருக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் அணி கொடுத்த விலை 2.60 கோடி ரூபாய்க்கும் மேல். கல்லூரி வயதில் உள்ள புதியவர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஓரிரு நாள் நடக்கும் தேர்வில் ஒரு விவசாயக் கூலியின் மகனுடைய பிழைப்பு தீர்மானமாகலாம். எனவே, அந்த ஓரிரு நாளில் உண்மையில் எதை அளக்க முடியும், எதை அளக்க முடியாது என்று பார்ப்போம்.

கடிகாரம் சொல்வது என்ன?

தேர்வுகளில் வழக்கமாக 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், பத்து மீட்டர் தூரத்தை ஆறு முறை ஓடித் திரும்புதல் போன்றவை நடைபெறும். ஒருவர் 30 மீட்டரை 4.2 வினாடியிலும் மற்றொருவர் 4.4 வினாடியிலும் ஓடினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னவர்தான் வேகமானவரா?

கடிகாரத்தை அழுத்துவது மனிதக் கை. கண்ணும் மூளையும் விரலும் சேர்ந்து செயல்பட ஏறக்குறைய 0.2 வினாடி பிடிக்கும். புறப்பாட்டைக் கண்ட பிறகே விரல் அழுத்தும்; முடிவுக் கோட்டிலோ ஓடி வருபவரை முன்கூட்டியே பார்த்து உடனே அழுத்திவிடும். ஆகையால் கைக் கடிகாரம் காட்டும் நேரம் உண்மை நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். தடகளத்தில் 100 மீட்டர் ஓட்டத்தின் கைக் கடிகார நேரத்தை மின்கருவி நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 வினாடி கூட்டுவது இதனால்தான். பல முறை ஓடவிட்டுச் சராசரி எடுத்தால் அங்குமிங்கும் சிதறும் பிழை குறையும். எப்பொழுதும் ஒரே பக்கம் சாயும் பிழை குறையாது. நம் இரு இளைஞர்களையும் வெவ்வேறு ஆசிரியர்கள் அளந்திருந்தால், அந்த 0.2 வினாடி ஓடியவர்களின் வேறுபாடா, அழுத்தியவர்களின் வேறுபாடா என்று சொல்ல வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆடவர் கபடிக் களத்தின் நீளம் 13 மீட்டர். ஒரு பக்கத்துக்கு ஆறரை மீட்டர். அதற்குள் நேர்கோட்டில் 30 மீட்டர் ஓடும் தேவை யாருக்கும் வருவதில்லை. முதல் இரண்டு மூன்று அடியில் பிறக்கும் முடுக்கமும், சட்டென்று நின்று திரும்பும் திறனுமே அங்கு வேண்டும். ஓடித் திரும்பும் சோதனை இதற்குச் சற்று நெருக்கமானது எனலாம்.

மண்ணும் விரிப்பும்

நின்று திரும்புவதில் உராய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாய்கிற ஒருவர் நிற்க வேண்டும். தரையின் உராய்வுக் கெழு 0.5 என்று கொண்டால், அவர் நிற்பதற்குச் சுமார் இரண்டரை மீட்டர் தேவை. கெழு 0.8 ஆனால் 1.6 மீட்டர் போதும். வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர். தொடுகோட்டுக்கும் போனஸ் கோட்டுக்கும் இடையே உள்ள தூரமும் அதேதான்!

லீக் ஆட்டங்கள் செயற்கை விரிப்பின் மேல், காலணி அணிந்து ஆடப்படுகின்றன. வெறுங்காலுடன் மண்ணில் பழகிய நம் பகுதி இளைஞர் முதன்முதலாக விரிப்பில் இறங்கும்போது, அவர் உடல் கற்று வைத்திருக்கும் தூரக் கணக்குகள் எல்லாம் பொய்த்துப் போகின்றன. அன்று அவர் தடுமாறினால் அது திறமைக் குறைவு ஆகாது. சில நாள் விரிப்பில் பழகவிட்டுப் பிறகு சோதிப்பதே நியாயமான அளவீடு.

இருபது ரெய்டுகள் போதுமா?

“ஓட்டமும் தாண்டலும் வேண்டாம், ஆடவிட்டே பார்ப்போம்” என்று நீங்கள் சொல்லலாம். நல்ல யோசனைதான். பாடிச் செல்லும் ஒருவர் 20 ரெய்டுகளில் 12-இல் புள்ளி எடுக்கிறார். வெற்றி விகிதம் 60 சதவீதம். இதை எவ்வளவு நம்பலாம்?

ஒரு நாணயத்தை 20 முறை சுண்டிப் பாருங்கள். பத்துத் தலை விழ வேண்டும் என்றாலும் 12 விழும், 8 விழும். யாரும் வியப்பதில்லை. ரெய்டிலும் இத்தகைய தற்செயல் கலந்திருக்கிறது. கணக்கு எளிது: 0.6-ஐ 0.4-ஆல் பெருக்கி, 20-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.11 வரும். இதன் இரு மடங்கை இருபுறமும் விட்டால், அவருடைய உண்மைத் திறன் ஏறத்தாழ 38-இலிருந்து 82 சதவீதத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சாதாரண ஆட்டக்காரரும் மகத்தான ஆட்டக்காரரும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறார்கள்! 200 ரெய்டுகள் பார்த்தால் எல்லை 53-இலிருந்து 67 ஆகச் சுருங்கும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பார்க்க வேண்டும் என்பது இங்குள்ள விதி.

இதிலிருந்து இன்னோர் உண்மை கிடைக்கிறது. நூறு பேர் கலந்துகொண்ட தேர்வில் முதலிடம் பெற்றவருக்குத் திறமையோடு அன்றைய அதிர்ஷ்டமும் துணை நின்றிருக்கும். அடுத்த முறை திறமை கூடவே வரும். அதிர்ஷ்டம் வர வேண்டும் என்பதில்லை. ஆகவே அவர் சற்றுக் கீழே இறங்குவது இயல்பு. ஊரார் இதைத் “தலைக்கனம் வந்துவிட்டது” என்பார்கள். பாவம், பல நேரங்களில் அவர் மீது குற்றமே இல்லை.

அளவுகோலுக்கு அகப்படாதவை

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து வீரர்களைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கும் முன் 40 கஜ ஓட்டம், தாண்டல் என்று பல சோதனைகள் வைக்கிறார்கள். அத்தனையும் செய்து 2000-ஆம் ஆண்டில் டாம் பிரேடி என்பவரை 199-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் பின்னர் ஏழு முறை தேசியக் கோப்பை வென்றார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016-இல் பட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். ஓட்டப் பந்தயத்தில் இருபது வயது இளைஞர்கள் பலர் அவரை முந்தியிருப்பார்கள். எதிரி எந்தக் காலை முன்வைப்பார் என்று அறிவதும், பக்கத்தில் இருப்பவரோடு ஒரே கணத்தில் பாய்வதும் கடிகாரத்தில் பதிவதில்லை. மேலும், தேர்வுவரை வந்தவர்கள் அனைவருமே வேகமானவர்கள். எல்லோரிடமும் உள்ள ஒன்றைக் கொண்டு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது கடினம்.

எதிர்பாராததும் உண்டு. 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. ஆனால் அந்த அணி அவ்வாண்டுதான் முதல் முறையாக அரையிறுதியை எட்டியது!

நீங்கள் செய்யக்கூடியது

அப்படியானால் தேர்வே வீணா? இல்லை. நீண்ட நாள் அளந்தால் தேர்வு பயன்படும். உங்கள் ஊர் அணிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, எதிரணி, களம் மண்ணா விரிப்பா, எதிரே எத்தனை பேர் நின்றார்கள், புள்ளி கிடைத்ததா, பிடிபட்டாரா என்று ஒவ்வொரு ரெய்டையும் குறியுங்கள். பிடிப்பவர்களுக்கும் அவ்வாறே குறியுங்கள். ஆண்கள் அணிக்கு மட்டுமல்ல, பெண்கள் அணிக்கும் செய்யுங்கள். ஓராண்டில் ஒருவருக்கு இருநூறு ரெய்டுகள் எளிதில் சேரும்.

அந்தப் புத்தகத்துடன் தேர்வுக்குப் போகும் மாணவரிடம், ஒரு நாள் ஆட்டத்தைவிடப் பத்து மடங்கு சான்று இருக்கும். தேர்வாளர் அதைப் பார்க்க மறுத்தாலும், பெயர் பட்டியலில் இல்லாமல் போனாலும், அந்த மாணவர் தம் நிலையைத் தாமே அறிந்துகொள்ளலாம். இருபது ரெய்டுகளைப் பார்த்துச் சொன்ன “இல்லை” என்ற சொல்லுக்காக, இருநூறு ரெய்டுகள் காட்டும் திறமையை அவர் கைவிட வேண்டியதில்லை.