ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் சாட்சி

சாத்தான்குளம் காவல் நிலையத்தின் கண்காணிப்பு கேமராக்களுக்கான ஹார்டு டிஸ்க் ஒரு டெராபைட் கொள்ளளவு கொண்டது. பல நாள் பதிவைச் சேர்த்து வைக்க அதில் தாராளமாக இடமிருந்தது. ஆனால், அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி அதை அமைத்து வைத்திருந்தார்கள். 2020 ஜூன் 28 அன்று உயர் நீதிமன்ற உத்தரவோடு அங்கே போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் எழுதிய விஷயம் இது.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடை நடத்திய ஒருவருடைய தந்தையைப் போலீஸார் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்; தேடிப் போன மகனையும் பிடித்து வைத்தார்கள். அங்கே அடிபட்ட இருவரில், 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தை. விசாரிக்கப் போன நடுவரின் காதுபடவே ஒரு காவலர் ஒருமையில் பேசினார். லத்திகளைக் கேட்டபோது தர மறுத்தார்கள். ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடினார். சம்பவ இரவில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் மட்டும் நடந்ததைச் சொன்னார். வெளியே சக காவலர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவர் நெடுநேரம் தயங்கினார். பாதுகாப்பு கிடைக்கும் என்று உறுதி கொடுத்த பிறகே போட்டார். அடுத்து மதுரை உயர் நீதிமன்றக் கிளை செய்தது இதுவரை கேள்விப்படாத ஒன்று: தடயங்கள் கலையாமல் இருக்க, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் ஒப்படைத்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய வழக்கை இங்கே எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. போலீஸ் தப்பு செய்தால் கேட்க ஆள் இல்லையா என்ற கேள்விக்கு, காகிதத்தில் நிறையவே பதில் உண்டு: துறை விசாரணை, புகார் ஆணையம், மனித உரிமை ஆணையம், நீதிமன்றம். சாத்தான்குளத்தில் இவற்றில் எது வேலை செய்தது என்று பார்த்தால், துறைக்கு வெளியிலிருந்து வந்த சாட்சியம்தான். அந்தப் பெண் காவலர் வாய் திறந்ததும் வெளியிலிருந்து வந்த நடுவரிடம்தான். தந்தையும் மகனும் தரையில் உருண்டதால் காயம் பட்டது என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. பக்கத்துக் கடையின் கேமராவில் அப்படி யாரும் உருளவில்லை.

காவல் துறையை நம்பாதே என்று முதலில் எழுதி வைத்தது மக்கள் அல்ல, சட்டம். 1872-இல் வந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகள்படி, போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அடித்து வாங்குவார்கள் என்பது வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. ஆனால், அடுத்து வந்த 27-ஆம் பிரிவு ஒரு சந்து வைத்தது. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தப் பொருள் தொடர்பான அளவுக்கு அவர் சொன்னது செல்லும். ‘ரெக்கவரி’ என்று ஸ்டேஷனில் சொல்வது இதைத்தான். வற்புறுத்திப் பெற்றது என்று நிரூபித்தால் அதுவும் செல்லாதுதான். பூட்டிய அறைக்குள் நடந்ததை யார் நிரூபிப்பது?

லாக்கப் மரணங்களில் திருட்டுப் புகார் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச வைத்தால் மட்டும் பயனில்லை. பொருளைக் காட்ட வைக்க வேண்டும். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கு நகைத் திருட்டுப் புகாரில் தொடங்கியது. ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படையானது அதுதான். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலின் காவலாளி இறந்ததும் காரில் வைத்த நகை காணவில்லை என்ற புகாரில்தான். முறைப்படி வழக்குப் பதிவாகும் முன்பே அவரைத் தனிப்படை கையில் எடுத்துக்கொண்டது. உடலில் 44 காயங்கள். யார் உத்தரவில் தனிப்படை போனது என்று உயர் நீதிமன்றம் கேட்டது. அங்கேயும் வழக்கைத் திருப்பிய சாட்சி வெளி ஆள்தான்: கோயில் ஊழியர் ஒருவர் மறைவிலிருந்து செல்போனில் எடுத்த சில நொடி வீடியோ.

ஆகவே, காவலரின் தவறு வெளியே வருமா வராதா என்பது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்துக்குள் கைதானவர் போலீஸ் அல்லாத சிலரின் கண்ணில் பட்டே ஆக வேண்டும். மேற்கு வங்க சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவர் டி.கே.பாசு 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தொடங்கிய வழக்கில், 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு 11 கட்டளைகளைப் போட்டது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் உறவினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்பத்துக்குத் தகவல் போக வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. கைதானதும் நடக்கும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

சாத்தான்குளத்தில் மருத்துவர், நடுவர் என்ற இந்த இரண்டு கதவுகளும் திறந்தே இருந்தன. ரத்தம் நிற்காமல் மாற்றி மாற்றி லுங்கி கட்டிவிட்ட நிலையில் இருந்தவர்களை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சிறைக்கு அனுப்பலாம் என்று சான்று கிடைத்தது. ரிமாண்ட் செய்த நடுவர் அவர்களை அருகில் அழைத்துப் பார்க்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்த கோவில்பட்டி கிளைச் சிறையின் சேர்க்கைப் பதிவேட்டில்தான் காயங்கள் ஏறின. லத்தி பிடித்தவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, பார்த்தும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை.

சாவு இல்லாத வழக்குகளில், அடிபட்டவர் உயிரோடு வீட்டுக்குத் திரும்பிய வழக்குகளில், நிலைமை இன்னும் மோசம். அவர் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுப்பார். மனு டி.எஸ்.பி.க்கு வரும், அங்கிருந்து, எந்த ஸ்டேஷன் மீது புகாரோ அதே ஸ்டேஷனுக்கு ‘விசாரித்து அறிக்கை தருக’ என்று இறங்கி வருவதும் உண்டு. செய்தி பெரிதானால் ஆயுதப்படைக்கு மாற்றம். இன்னும் பெரிதானால் சஸ்பெண்ட். இரண்டுமே தண்டனை அல்ல. துறைக்குள் உண்மையான தண்டனைக்கு வழி, ஒழுங்கு நடவடிக்கை விதியான ‘த்ரீ பி’யின் கீழ் தரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணைதான். அது முடிய ஆண்டுகள் ஆகும், முடிவில் ஊதிய உயர்வு நிறுத்தத்தோடு போய்விடவும் கூடும். கைதி இறந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்று 2005-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும், பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல்களும் உண்டு. செத்தால் இத்தனை கண்கள். கை முறிந்தவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் புகார் ஆணையம் என்ற யோசனை வந்தது. உத்தரப் பிரதேசத்தின் முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங் 1996-இல் தொடுத்த வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றில் ஒன்று, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என ஆணையங்கள். மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உச்ச அல்லது உயர் நீதிமன்ற நீதிபதியும், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவராக இருக்க வேண்டும்.

தமிழ்நாடு 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. ஆணையங்களும் வந்தன. மாநிலத் தலைவர் யார்? உள்துறைச் செயலாளர். மாவட்டத் தலைவர்? ஆட்சியர். உறுப்பினர்கள்? காவல் துறை அதிகாரிகள். போலீஸை நிர்வகிக்கிற துறையின் செயலாளரும், புகாருக்கு உள்ளானவரின் மேலதிகாரியும் உட்கார்ந்து விசாரிக்கிற அமைப்பு இது. தீர்ப்பின் எழுத்தை எடுத்துக்கொண்டு உயிரை உருவிவிட்டார்கள். இதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டன. கழகம் எதுவாக இருந்தாலும், தன் போலீஸை வெளியாள் ஒருவர் கேள்வி கேட்பதை எந்த அரசும் விரும்பியதில்லை.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கொஞ்சம் பல் உண்டு. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இழப்பீட்டைக் காவலரின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லியும் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. புகார் கொடுக்க நினைப்பவர் மறக்கக் கூடாத ஒன்று: சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் ஆணையம் விசாரிக்க முடியாது. நீதிமன்றத்துக்கே போனாலும், அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற தடை குறுக்கே நிற்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதில் ஒரு நல்ல மாற்றம் செய்திருக்கிறது. 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும்.

கேமராவுக்கு வருவோம். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை வரை ஒலியும் சேர்த்துப் பதிவு செய்யும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. அந்தப் பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோரும் உரிமை அடிபட்டவருக்கு உண்டு. ஐந்து ஆண்டு கழித்து, 2025 செப்டம்பரில், ராஜஸ்தானில் எட்டு மாதத்தில் 11 காவல் மரணங்கள் என்ற பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டு, கேமராக்கள் ஏன் ஓடவில்லை என்று அதே நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்க வேண்டியிருந்தது. கேமராவின் ஸ்விட்ச் ஸ்டேஷனுக்குள் இருக்கும் வரை இந்தக் கேள்வி ஓயாது.

இத்தனையையும் போலீஸ் தலையிலேயே கட்டிவிட முடியாது. கையில் மாவுக்கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் சிரித்துக்கொண்டே நாலு பேருக்கு அனுப்புகிறோம். ‘தப்பியோட முயன்று பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்ற வாசகத்தை யாரும் நம்புவதில்லை, யாரும் தட்டிக் கேட்பதுமில்லை. கைதானவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. செயின் பறித்தவனுக்கு விழுந்த அடிக்குக் கைதட்டியவர்தான், தன் தம்பியை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகும்போது வக்கீலைத் தேடி ஓடுகிறார். போலீஸ் பொய் சொல்கிறது என்று தெரிந்தும் அந்தப் பொய் பிடித்திருக்கிற சமூகத்தில், நம்பிக்கை என்ற சொல்லையே கொஞ்சம் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

சட்டத்தில் செய்ய வேண்டியதும் செய்யாமல் கிடக்கிறது. காவலில் இருந்தவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால், அதைச் செய்தது காவல் அதிகாரியே என்று நீதிமன்றம் அனுமானிக்க இடம் வேண்டும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பாக வேண்டும். சாட்சியச் சட்டத்தில் 114-பி என்று புதுப் பிரிவாக இதைச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் தன் 113-ஆவது அறிக்கையில் 1985-லேயே சொன்னது. பூட்டிய அறைக்குள் நடந்ததை நிரூபிக்கும் பாரத்தை, உள்ளே அடிபட்டவர் தோளிலிருந்து இறக்கும் யோசனை அது. 1997-இல் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், பிறகு காலாவதியானது. 2023-இல் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய 25, 26, 27 மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து 23-ஆம் பிரிவாயின. 114-பி அதில் இல்லை.