ஆலயமும் ஆட்சியும் – 14: சுவர் கேட்ட விசுவாசிகள்

1802 புத்தாண்டு நாளன்று, வாஷிங்டனில் அதிபர் மாளிகை வாசலில் 1,235 பவுண்டு பாலாடைக்கட்டி ஒன்று வந்து இறங்கியது. நம் கணக்கில் 560 கிலோ. அதைக் கொண்டுவந்தவர் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். வாங்கிக்கொண்டவர் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன்.

அமெரிக்கச் சாசனத்தில் கடவுள் பெயர் ஏன் இல்லை, பதவிக்கு மதச் சோதனை கூடாது என்ற விதி யாருக்காக வந்தது என்பதெல்லாம் முந்தைய வாரங்களில் பேசி முடிந்த கதை. அதிகாரத்தைப் பிரித்து வைத்ததற்கும் மனிதனின் பாவ இயல்பு பற்றிய கிறிஸ்தவப் போதனைக்கும் உள்ள உறவுதான் இந்த வாரத்துக்கு உரியது. ஆனால் இந்தப் பாலாடைக்கட்டியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் சிற்றூர் செஷயர். 1801 கோடையில் அந்த ஊர் விவசாயிகள் தங்கள் மாடுகளின் பாலை ஒன்றுசேர்த்தார்கள். ஜெஃபர்சனின் எதிர்க்கட்சிக்காரரின் மாட்டுப்பால் ஒரு சொட்டும் சேரவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு தயிரையும் அழுத்திப் பிழியத் தோதான அச்சு எவரிடமும் இல்லாததால் ஆப்பிள் சாறு பிழியும் ஆலையைப் பயன்படுத்தினார்கள். நான்கடிக்கு மேல் விட்டம் கொண்ட அந்த வட்டைப் பனிச்சறுக்கு வண்டி, படகு, குதிரை வண்டி என மாற்றி மாற்றி ஏற்றித் தலைநகருக்குக் கொண்டுபோனார் லேலண்ட். வழியெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டே போனார். அடிமை ஒருவரின் உதவியும் இல்லாமல் சுதந்திர விவசாயிகளின் கையால் செய்யப்பட்டது இது என்று ஊராரின் வாழ்த்துமடல் சொன்னது. அந்த மடலை வாங்கிய ஜெஃபர்சனிடம் அடிமைகள் இருந்தார்கள். பரிசு வாங்குவதில்லை என்பது அவர் கொள்கை. அதனால் லேலண்டுக்கு 200 டாலர் கொடுத்துக் கணக்குப் புத்தகத்திலும் எழுதி வைத்தார்.

வேதாகமத்தின் மேல் அவ்வளவு பற்றில்லாதவர் என்று பெயரெடுத்த ஜெஃபர்சன் மேல், வேதாகமமே உயிர் என்று வாழ்ந்த பாப்டிஸ்டுகளுக்கு ஏன் இத்தனை பாசம்?

வரிதான் காரணம். புதிய இங்கிலாந்தின் பெரும்பாலான மாநிலங்களில் அன்று காங்கிரிகேஷனல் சபையே அரசின் சபை. அதன் போதகருக்குச் சம்பளம் ஊர் வரியிலிருந்து போனது. பாப்டிஸ்டுகள் விலக்கு வேண்டுமென்றால் சான்றிதழ் எழுதிக் கொடுத்தாக வேண்டும். மாசசூசெட்ஸின் ஆஷ்ஃபீல்டில் விலக்கும் மறுக்கப்பட்டது. வரி கட்டாத பாப்டிஸ்டுகளின் ஏறக்குறைய 400 ஏக்கர் நிலத்தை 1770இல் ஏலம் விட்டார்கள். பழத்தோட்டங்களும் இடுகாடும் அதில் அடக்கம். பாப்டிஸ்டுகள் போராட, விலக்கு மறுத்த அந்தச் சட்டத்தை மறு ஆண்டு ரத்து செய்தவர் லண்டனில் இருந்த மன்னர் மூன்றாம் ஜார்ஜ். பாஸ்டன் தலைவர்கள் சுதந்திரம் சுதந்திரம் என்று முழங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இது நடந்தது.

வர்ஜீனியாவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஆங்கிலிக்கன் சபையின் ஆதிக்கம். உரிமம் இல்லாமல் பிரசங்கித்ததற்காக ஜேம்ஸ் அயர்லாந்து என்ற பாப்டிஸ்ட் போதகரைக் கல்பெப்பர் சிறையில் அடைத்தார்கள். அவர் கம்பிகளுக்கு உள்ளிருந்தபடியே வெளியே கூடியவர்களுக்குப் பிரசங்கித்தார். எதிரிகள் கந்தகத்தையும் மிளகாயையும் எரித்து உள்ளே புகை மூட்டினார்கள். தன் ஊருக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஐந்தாறு பேர் மதக்கருத்துக்காகச் சிறையில் கிடப்பதைப் பொறுக்கமுடியாமல் 1774 ஜனவரியில் நண்பருக்குக் கடிதம் எழுதினார் ஓர் இளைஞர். அவர் ஜேம்ஸ் மாடிசன், பின்னாளில் சாசனத்தின் சிற்பி. லேலண்டும் பல ஆண்டுகள் வர்ஜீனியாவில் ஊழியம் செய்தவர். இந்தக் காயங்கள் அவருக்கு ஏட்டில் படித்தவை அல்ல.

பாலாடைக்கட்டி வந்த அதே ஜனவரி 1ஆம் தேதிதான் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெஃபர்சன் பதில் எழுதினார். தங்கள் வழிபாடு உரிமையாக அல்ல, சலுகையாக நடத்தப்படுகிறது என்று அவர்கள் முறையிட்டிருந்தார்கள். சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர் என்ற உவமை அந்தப் பதிலில்தான் இருக்கிறது. வரைவில் பல வரிகளை மையால் அடித்திருந்தார். 1998இல் நாடாளுமன்ற நூலகம் கேட்டுக்கொள்ள, எஃப்.பி.ஐ. ஆய்வகம் அவற்றை மீட்டது. ‘நிரந்தரப் பிரிவினை’ என்று எழுதி ‘நிரந்தர’த்தை அடித்திருக்கிறார். நாட்டுக்கு உபவாச நாள் அறிவிக்கத் தான் மறுப்பதை விளக்கிய பகுதியும் போயிருக்கிறது. கிழக்கு மாநிலக் கட்சிக்காரர்கள் சங்கடப்படுவார்கள் என்று ஓரத்தில் காரணமும் குறித்திருக்கிறார்.

1947இல் எவர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுவரைத் தூக்கிப் பிடித்ததிலிருந்து, அது நாத்திகர் கட்டிய சுவர் என்று ஒரு தரப்பும், மதத்தை அடக்கக் கிடைத்த கருவி என்று இன்னொரு தரப்பும் பேசிவருகின்றன. சுவரைக் கேட்டு வாங்கியவர்களை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன. முழங்கால் தேய ஜெபித்த கூட்டம் அது. அரசின் காசும் கையும் படாத விசுவாசம் மட்டுமே விசுவாசம் என்று அவர்கள் நம்பினார்கள். ஜனவரி 3, ஞாயிறன்று பிரதிநிதிகள் சபை மண்டபத்திலேயே லேலண்ட் பிரசங்கித்தார். ஜெஃபர்சனும் வந்து உட்கார்ந்து கேட்டார். சுவர் எழுதி முடித்த மூன்றாம் நாள் அது! கேட்டவர்களில் ஒருவரான மனாசே கட்லர், காங்கிரிகேஷனல் போதகர், எதிர்க்கட்சி உறுப்பினர். அந்தப் பிரசங்கத்தைப் பற்றி அவர் எழுதி வைத்ததில் அருவருப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

எல்லாக் கிறிஸ்தவர்களும் சுவரை விரும்பவில்லை என்பதற்குக் கட்லர் ஒரு சாட்சி என்றால் கனெக்டிகட் போதகர் லைமன் பீச்சர் இன்னொரு சாட்சி. 1818இல் கனெக்டிகட் அரசு சபையைக் கைகழுவியபோது அவர் மனம் உடைந்தே போனார். பிற்காலத்தில் அவரே, தன் மாநிலத்துக்கு நடந்த மிகப்பெரிய நன்மை அதுதான் என்று பதிவு செய்தார். அரசின் ஆதரவு போனதும் சபைகள் தங்கள் காலில் நிற்கக் கற்றுக்கொண்டன என்பது அவர் கண்ட அனுபவம். மாசசூசெட்ஸ் 1833 வரை இழுத்தடித்தது.

பாவ இயல்பும் அதிகாரப் பிரிவினையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன. அதில் வரப்போகிறவர் பிரின்ஸ்டனில் மாடிசனுக்குப் பாடம் நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் விதர்ஸ்பூன். போதகராக ஊழியம் செய்துகொண்டே சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர் ஒருவர்தான்.

(தொடரும்)