சிசிடிவி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மடிக்கணினியில் மாட்டாதீர்கள்!

எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு நாள் காலை உண்டியல் உடைந்து கிடந்தது. சன்னதிக்கு எதிரே சிசிடிவி கேமரா இருந்ததால், திருடன் முகம் கட்டாயம் பதிவாகியிருக்கும் என்று எல்லாருக்கும் ஓர் ஆறுதல். போலீசில் புகார் செய்வதற்கு முன் யாரென்று நாமே பார்த்துவிடலாம் என நினைத்த இளைஞர் ஒருவர், பதிவுப் பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார். அதைத் தம் மடிக்கணினியில் இணைத்தார். 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று திரை கேட்டது. 'சரி' என்று அழுத்தினார். அன்றிரவின் காட்சியை அதன் பிறகு யாராலும் திறக்க முடியவில்லை.

அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. நல்லது செய்யத்தான் நினைத்தார். பல சிசிடிவி பெட்டிகள் விண்டோஸுக்குப் புரியாத வேறொரு முறையில் படங்களைச் சேமிக்கின்றன. புரியாத டிஸ்க்கைக் கண்டதும் விண்டோஸ் அதை வெற்று டிஸ்க்காகவோ கெட்டுப்போனதாகவோ நினைத்து, ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கிறது. அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாமல் 'சரி' சொல்பவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம்.

'நான் எதையும் அழுத்த மாட்டேன், பார்க்க மட்டும் செய்வேன்' என்று சிலர் சொல்லலாம். அதிலும் ஆபத்து இருக்கிறது. ஒரு டிஸ்க்கை இணைத்த உடனே கணினி நம்மைக் கேட்காமலேயே அதில் எழுதத் தொடங்கிவிடும். விண்டோஸ் தனக்கென மறைவான கோப்புறைகளை உருவாக்கும். மேக் கணினியும் தன் பங்குக்குச் சில கோப்புகளைச் சேர்க்கும். கோப்புகள் கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் மாறக்கூடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் சந்தேகப்படும் கோப்பை நகர்த்தவோ நீக்கவோ செய்யலாம். அழிக்கப்பட்ட கோப்பு ஒன்று மீட்கக்கூடிய நிலையில் இருந்தால், அந்த இடத்தின் மேலேயே புதிய தகவல் எழுதப்பட்டுவிடலாம்.

இதைத் தடுக்கத்தான் தடயவியல் ஆய்வாளர்கள் 'ரைட் பிளாக்கர்' என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் 'எழுதத் தடுப்பான்' எனலாம். உள்ளங்கை அளவிலும் இது கிடைக்கிறது. டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவே இது காவல்காரனாக நிற்கும். 'படி' என்று கணினி கேட்டால் டிஸ்க்குக்கு அனுப்பும். 'எழுது' என்று கட்டளையிட்டால் அதை அங்கேயே நிறுத்திவிடும்.

பழைய பாட்டு கேசட்டுகள் நினைவிருக்கிறதா? பின்விளிம்பில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால், அதன் மேல் வேறு பாட்டைப் பதிவு செய்ய முடியாது. ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ரைட் பிளாக்கர் செய்வதும் அதே வேலைதான். இதில் எதையும் உடைக்கத் தேவையில்லை என்பதே வித்தியாசம்.

ஆய்வுக்கூடத்தில் வேலை எப்படி நடக்கிறது? முதலில் டிஸ்க்கைப் படம் எடுப்பார்கள். அதன் தயாரிப்பு எண்ணையும், யார் யாரிடமிருந்து எப்போது பெற்றார் என்பதையும் எழுதி வைப்பார்கள். மின்சாரம் இல்லாத நிலையில் டிஸ்க்கைக் கருவியின் ஒரு பக்கத்தில் மாட்டி, மறுபக்கத்தைக் கணினியுடன் இணைப்பார்கள். பிறகுதான் மின்சாரம் கொடுப்பார்கள். எழுதும் வழி அடைபட்டிருக்கிறது என்பதைக் காட்டும் விளக்கு பல கருவிகளில் உண்டு. அது எரிகிறதா என்று பார்த்த பிறகே வேலை தொடரும்.

அடுத்து, டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுப்பார்கள். காலியாகத் தெரியும் இடங்களும் அந்த நகலில் சேரும். ஆய்வு எல்லாம் நகலில்தான் நடக்கும், அசலைப் பத்திரமாக முத்திரையிட்டு வைத்துவிடுவார்கள்.

நகலும் அசலும் ஒன்றுதான் என்று நிரூபிக்க 'ஹாஷ்' எனும் கணக்கு உதவுகிறது. இதை டிஸ்க்கின் விரல்ரேகை எனலாம். ஷா-256 என்ற முறையில் இது 64 எழுத்துகளும் எண்களும் கலந்த வரிசையாக வரும். டிஸ்க்கில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முற்றிலும் வேறாகிவிடும். ஹாஷ் எடுத்த பிறகு யாராவது கைவைத்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

கருவிக்கும் எல்லை உண்டு. எஸ்எஸ்டி வகை டிஸ்க்குகள் மின்சாரம் கிடைத்தவுடன் தம் உள்ளேயே தேவையற்ற தகவல்களைத் துப்புரவு செய்யக்கூடும். வெளியிலிருந்து வரும் கட்டளையைத்தான் ரைட் பிளாக்கர் தடுக்கும். உள்ளே நடப்பதை அதனால் தடுக்க முடியாது. கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அமெரிக்காவின் நிஸ்ட் எனப்படும் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் இத்தகைய கருவிகளைச் சோதிக்கும் முறைகளை வகுத்திருப்பது அதனால்தான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்க வழி செய்கிறது. அந்தக் கணினியின் செயல்பாட்டுக்குப் பொறுப்பானவர் தரும் சான்றிதழும் அதில் பேசப்படுகிறது. வழக்கு நீதிமன்றம் சென்றால், 'இந்தப் பதிவில் யாரும் கைவைக்கவில்லையே?' என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். போலீசார் வருவதற்கு முன் நாம் டிஸ்க்கைக் கழற்றி மாட்டியிருந்தால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

கோயில், கடை, வீடு எங்கு சம்பவம் நடந்தாலும் இவற்றை நினைவில் வையுங்கள்:

பதிவுப் பெட்டியைத் திறக்காதீர்கள், டிஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

தாமதிக்காமல் போலீசில் புகார் செய்யுங்கள். இடம் நிரம்பியதும் பெட்டி பழைய காட்சிகளின் மேல் புதியதைப் பதிவு செய்யும். நாள் போகப் போக உங்களுக்குத் தேவையான காட்சி போய்விடலாம்.

பெட்டியின் கடிகாரம் காட்டும் நேரத்தையும் கைப்பேசியின் நேரத்தையும் ஒப்பிட்டு எழுதி வையுங்கள். பத்து நிமிட வித்தியாசம்கூட விசாரணையைக் குழப்பும்.

காட்சி அவசரமாகத் தேவைப்பட்டால், பெட்டியின் சொந்த மெனு வழியாகப் பென்டிரைவில் பிரதி எடுங்கள். யார், எப்போது எடுத்தார் என்பதைக் குறித்து வையுங்கள்.

பெட்டியைப் போலீசாரிடம் ஒப்படைத்தால், யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதற்கு எழுத்துப்பூர்வமான அத்தாட்சி கேளுங்கள்.

எங்கள் கோயிலில் இப்போது பதிவுப் பெட்டி பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. சாவி செயலாளரிடம். அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'திருட்டு நடந்தால் முதலில் போலீஸ். பெட்டியைத் தொடாதீர்.' உங்கள் கோயிலிலும் கடையிலும் இப்படியொரு தாளை இன்றே ஒட்டிவிடலாம்.