கட்டாமல் விட வேண்டிய நிலம்

சிவகாசி வளர்ந்துவிட்டது என்று சொல்லும் ஊர்க்காரர்கள் கை நீட்டிக் காட்டுவது மாடிகளைத்தான். பத்திரகாளியம்மன் கோயிலின் ஏழு நிலை ராஜகோபுரத்துக்குப் போட்டியாகக் கடைவீதிப் பக்கம் மூன்று மாடி, நான்கு மாடி என்று கட்டடங்கள் எழும்பிவிட்டன. கீழே அச்சாபீஸ், அதற்கு மேலே காகிதக் கட்டுகளும் காலண்டர் அட்டைகளும், உச்சியில் குடித்தனம் என்று ஒரே கட்டடத்தில் தொழிலும் வீடும் அடுக்கப்பட்டிருக்கின்றன. 2021-இல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு சிவகாசி மாநகராட்சி ஆனது. சாட்சியாபுரம் ரயில்வே கேட்டில் வண்டிக்காகக் காத்துக் கிடந்த தலைமுறைக்கு மேம்பாலமும் வந்தது.

இதெல்லாம் மகிழ்ச்சிதான். என் கவலை வேறு. இந்த ஊரின் மாற்றத்தை அண்ணாந்து பார்த்து அளக்க முடியாது. வெம்பக்கோட்டைச் சாலையிலோ, நாரணாபுரம், விளாம்பட்டிச் சாலைகளிலோ போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். மாடிகள் கூடுவதைவிட வேகமாக அங்கே காலி இடம் குறைந்து வருகிறது.

பயராபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் காலி இடத்தின் அருமை தெரியும். பட்டாசு ஆலை என்றால் வெளியூர்க்காரர்கள் புகைபோக்கியும் பெரிய கூடாரமும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இங்கே கரிசல் காட்டுக்குள் தனித்தனியாக நிற்கும் சின்னச் சின்ன ஒற்றை அறைகள்தான் ஆலை. வெடிமருந்து கலக்கும் அறை ஒரு மூலையில், மருந்து செலுத்தும் அறை இன்னொரு பக்கம், காயவைக்கும் மேடை தள்ளி, சரக்கு வைக்கும் மேகசின் இன்னும் தள்ளி. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் உட்காரக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மாடி கூடாது. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை பிழைக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் ஒரே நோக்கம். அறைக்கும் அறைக்கும் இடையில் வேலை செய்யாமல் கிடக்கும் நிலம்தான் அங்கே அதிக வேலை செய்கிறது.

மத்திய அரசின் 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் இந்த இடைவெளியை ஆலைச் சுவரோடு நிறுத்தவில்லை. சுற்றியுள்ள வீடு, சாலை, ரயில் பாதை ஆகியவற்றிலிருந்தும் மருந்தின் அளவுக்கு ஏற்பத் தூரம் விட்டாக வேண்டும். அந்தத் தூரத்தின் பெரும்பகுதி ஆலைக்காரரின் பட்டாவுக்கு வெளியே, அடுத்தவர் காட்டில் கிடக்கிறது. அந்தக் காட்டை விற்கவும் மனை போடவும் அடுத்தவருக்கு உரிமை உண்டு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த மானாவாரி நிலம் ஒரு மாதத்தில் சமன் செய்யப்படுகிறது. கல் ஊன்றி, கலர்க் கொடி கட்டி, வளைவு வைத்து நகர் என்று பெயர் சூட்டியாகிறது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு ஆண்டு, பழைய மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. சாலை அகலம், பூங்கா இடம் என்றெல்லாம் அளந்து பார்க்கும் வழக்கம் அதனால் வலுப்பட்டது, உண்மை. மனை வாங்க வருகிறவரோ பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம், தண்ணீர் எத்தனை அடியில் என்று விசாரிக்கிறார். மருந்து எவ்வளவு தூரத்தில் என்று கேட்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். அன்றைய சிவகாசி நகராட்சிக்குள் 71,000 பேர், திருத்தங்கலில் 55,000 பேர். விஸ்வநத்தம், ஆனையூர், நாரணாபுரம் போன்ற ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுப்பிலோ ஏறத்தாழ 2.3 லட்சம் பேர். அன்றைக்கே லட்சம் பேர் நகராட்சிகளுக்கு வெளியே, ஊராட்சிகளில் நகர வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பட்டாசு அறைகள் இருப்பதும் அதே வெளிவட்டத்தில்தான்.

இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியே பார்த்தது. தீபாவளி நெருங்கிய நேரம். நகருக்குள் இருந்த ஒரு பட்டாசுக் கிடங்கில் வண்டியில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்தது. பக்கத்தில் ஒரு ஸ்கேன் மையம். புகை அங்கே புகுந்து, 8 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஸ்கேன் மையத்தில் இருந்தவர்கள். பட்டாசுக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2012 செப்டம்பர் 5 அன்று, முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். காட்டுக்குள் இருக்கும்போதே இப்படி என்றால், மதிலை ஒட்டித் தெரு வந்துவிட்டால்?

அதற்கான பதில் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருக்கிறது. 1970-களில் அங்கே ஒரு பட்டாசுக் கிடங்கு வந்தபோது அது ஊருக்கு ஒதுக்குப்புறம். பிறகு ஊர் வளர்ந்தது, கிடங்கைச் சுற்றி ரூம்பேக் என்ற குடியிருப்பு நெருங்கிக்கொண்டது. 2000 மே 13, சனிக்கிழமை பிற்பகல் கிடங்கு வெடித்தது. 23 பேர் இறந்தார்கள், அவர்களில் நால்வர் தீயணைப்பு வீரர்கள். ஏறத்தாழ 950 பேர் காயம்பட்டார்கள், சுமார் 400 வீடுகள் தரைமட்டமாயின. கிடங்கு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, ஊர்தான் அதைத் தேடி வந்தது. அதன் பிறகுதான் பெரிய பட்டாசுக் கிடங்குகளைக் குடியிருப்புகளிலிருந்து தள்ளிவைக்கும்படி அந்த நாடு விதிகளை இறுக்கியது.

வெறும் பார்வைக்காகவே நிலத்தின் மேல் கோடு கிழித்த நகரமும் உண்டு. கனடாவின் ஹாலிஃபாக்ஸில், கோட்டைக் குன்றில் நின்றால் துறைமுகம் தெரிய வேண்டும் என்பதற்காக 1970-களில் பார்வைக் கோடுகள் வரைந்து, குறுக்கே உயரமான கட்டடம் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1917 டிசம்பர் 6 அன்று வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து ரிச்மண்ட் என்ற பகுதியையே பறிகொடுத்த ஊர் அது. கண்ணுக்கு இதமான காட்சிக்கே கோடு கிழிக்க முடியும் என்றால், உயிரைக் காக்கும் இடைவெளிக்குக் கிழிக்க முடியாதா?

நிலத்துக்காரர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. மழை பொய்க்கும் கந்தக பூமியில் மனையாக விற்றால்தான் காசு என்கிறார்கள். வேன் பிடித்து வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு வேலைக்குப் பக்கத்தில் வீடு கிடைப்பது வசதி. ஆனாலும் வீடு நெருங்க நெருங்க, ஆலை வைத்திருக்கக்கூடிய மருந்தின் அளவும் சுருங்கத்தான் வேண்டும். உரிமமே கேள்விக்குள்ளாகும். குடிவந்தவர் பயத்தோடு இருப்பார், தொழிலாளி வேலையிழப்பார். பட்டாசில் பேரியம் சேர்க்கத் தடை, சரவெடிக்குத் தடை என்று ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் தொழிலுக்கு இது இன்னொரு அடி.

ஊர் வளர இடம் வேண்டும் என்றால் மேலே வளரட்டும். பழைய தீப்பெட்டி ஆபீஸ் வளாகங்கள் ஊருக்குள் இருக்கின்றன, மேம்பாலமும் பிற சாலைகளும் வந்திருக்கின்றன. அடுக்குமாடி கட்டினால் கோபுரம் கொஞ்சம் மறையும், பரவாயில்லை. ஒவ்வொரு ஆலையைச் சுற்றியும் விட வேண்டிய இடைவெளியை நில வரைபடத்தில் சர்வே எண்ணோடு குறிக்க வேண்டும். பத்திரப் பதிவின்போது அந்த வரைபடத்தை வாங்குகிறவர் கண்ணில் காட்ட வேண்டும். அந்த நிலத்தை விற்க முடியாமல் போகும் விவசாயிக்கு, ஆலைகளும் அரசும் சேர்ந்து ஈடு கொடுக்க வேண்டும். இலவசமாக அவர் காவல் காக்க முடியாது.

அது நடக்கும்வரை, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுப்பதற்கு முன் வேலை நாளில் ஒரு முறை போய், சுற்றிலும் எந்த ஆலை, எந்த மேகசின், எவ்வளவு தூரத்தில் என்று அந்த ஊர்க்காரர்களிடமே கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும், மறைக்காமல் சொல்வார்கள்.