குளிர்சாதனப் பெட்டிக்குள் எது? வெளியே எது?

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றனுள் உணவே முதலிடம் பெறுகிறது. அவ்வுணவைச் சுவைபடச் சமைப்பது ஒரு கலை என்றால், அதைக் கெடாமல் காப்பது மற்றொரு கலை. இன்று எத்தனையோ இல்லங்களில் பிரிட்ஜ் எனப்படும் குளிர்சாதனப் பெட்டி இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதன் கதவைத் திறந்தால் நாம் காண்பது என்ன? உருளைக்கிழங்கும், தேன் புட்டியும், ஊறுகாய் ஜாடியும் உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கும். காலையில் வடித்த சோறும், அரைத்த தேங்காய்ச் சட்டினியும் மாலை வரை சமையல் மேடையிலேயே கிடக்கும். இதனால் பொருளும் வீண், உடல்நலத்துக்கும் கேடு. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே வைப்பது என்பதை மூன்றே கேள்விகளால் நாமே தீர்மானிக்கலாம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனிக்கட்டி வந்த கதை

குளிர் என்பது நம் நாட்டில் ஒரு காலத்தில் கப்பலேறி வந்த பொருள். 1833-ஆம் ஆண்டு பிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டிகளைக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தில் பெரும்பகுதி உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக்கு வந்த பனிக்கட்டிகளைச் சேமிக்கத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842-இல் எழுந்த கட்டிடமே 'ஐஸ் ஹவுஸ்'. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அக்கட்டிடம் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. செல்வர்களுக்கு மட்டுமே எட்டிய அந்தக் குளிர், இன்று நடுத்தர இல்லத்திலும் சுவரோரமாக நிற்கிறது. அதைப் பயன்படுத்தும் அறிவும் நமக்கு வேண்டுமல்லவா?

உணவு ஏன் கெடுகிறது?

பாக்டீரியா, பூஞ்சைக் காளான் போன்ற நுண்ணுயிர்கள் காற்றிலும், நீரிலும், நம் கைகளிலும் நிறைந்துள்ளன. அவற்றுக்கும் நம்மைப் போலவே உணவும், ஈரமும், இதமான வெப்பமும் தேவை. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் அவை பெருகும். நமது கோடைக்கால அறையின் வெப்பமோ அவற்றுக்கு விருந்து வைத்தாற்போன்றது. ஏற்ற சூழ்நிலையில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இக்கணக்கின்படி ஒன்றே ஒன்று, ஏழு மணி நேரத்தில் 20 இலட்சத்துக்கும் மேலாகப் பெருகக்கூடும்!

5 டிகிரிக்குக் கீழே இந்தப் பெருக்கம் மிகவும் மந்தமாகிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். வெளியே எடுத்து வைத்தால் அவை விழித்துக்கொள்ளும். லிஸ்டீரியா போன்ற சில கிருமிகள் குளிரிலும் மெல்ல வளரக்கூடியவை. ஆகவே கெட்டுப்போன உணவை நல்ல உணவாக்கும் சக்தி எந்தக் குளிர்சாதனப் பெட்டிக்கும் கிடையாது.

"முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. உணவை நாற வைக்கும் கிருமிகள் வேறு, நோயை உண்டாக்கும் கிருமிகள் வேறு. நோய்க்கிருமிகள் நிறைந்த உணவு, மணத்திலும் சுவையிலும் குறையின்றி இருக்கக்கூடும். அதனால்தான் மூக்கை மட்டும் நம்பாமல், கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

முதலாவது: பொருளில் ஈரம் உண்டா? அரிசி, பருப்பு, அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றில் கிருமி வளரப் போதிய ஈரம் இல்லை. ஆகவே அவற்றை ஈரம் படாமல் மூடி வைத்தாலே போதும்.

இரண்டாவது: ஈரம் இருந்தால், அதற்கு உப்பு, சர்க்கரை, புளிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒரு காவல் உண்டா? உப்பும் சர்க்கரையும் மிகுந்திருந்தால் அவை நீரைத் தம்பால் ஈர்த்துக்கொள்வதால், கிருமிகளுக்கு நீர் கிட்டுவதில்லை. புளிப்பில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் வளர்வதில்லை.

மூன்றாவது: அது தோலோடு கூடிய முழுப் பொருளா, வெட்டியதா, வேகவைத்ததா? முழுப் பூசணி பல வாரங்கள் இருக்கும். வெட்டிய பத்தையோ மறுநாளே கொழகொழக்கும். தோல் என்பது இயற்கை தந்த கதவு. வெட்டும்போது அக்கதவைத் திறந்துவிடுகிறோம்.

ஈரம் உண்டு, காவல் இல்லை, தோலும் இல்லை என்றால் அப்பொருள் உள்ளே செல்ல வேண்டியதே. இனி அன்றாட உணவுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பால், தயிர், மாவு

பாக்கெட் பால் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கப்பட்டு வருகிறது. இதனால் நோய்க்கிருமிகள் அழிகின்றன. புளிக்கச் செய்யும் கிருமிகள் சில எஞ்சியிருக்கும். ஆகவே வாங்கியதும் உள்ளே வைக்க வேண்டும். அட்டைப் பெட்டிகளில் வரும் நீண்டநாள் பாலோ மிக அதிக வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது. பிரிக்கும் வரை அது வெளியே இருக்கலாம். பிரித்தபின் உள்ளே செல்ல வேண்டும்.

தயிருக்கு அதன் புளிப்பே காவல். வெளியே ஒரு நாள் இருந்தால் அது மேலும் புளிக்குமே தவிர எளிதில் கெடாது. உறைந்ததும் உள்ளே வைத்தால் புளிப்பு அந்த அளவில் நிற்கும்.

இட்லி மாவுக்கும் இதே முறைதான். அரைத்த மாவை உடனே உள்ளே வைத்தால் பொங்காது. ஏனெனில் அதைப் பொங்கச் செய்வதும் நல்ல நுண்ணுயிர்களே. இரவு முழுவதும் வெளியே புளிக்க விட்டு, பொங்கியபின் உள்ளே வைப்பதே முறை.

சோறும் குழம்பும்

நாம் மிகவும் அசட்டையாக இருப்பது சோற்றில்தான். அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் பாக்டீரியாவின் விதை போன்ற வித்துகள் இருக்கலாம். அவை கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவ்வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சை வெளியிடுகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே, "எப்படியும் சுட வைத்துத்தானே சாப்பிடப் போகிறோம்" என்னும் எண்ணம் தவறானது. மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆற்றி, மூடி உள்ளே வைக்க வேண்டும்.

அப்படியானால் பழைய சோறு? நீர் ஊற்றிய சோற்றில் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. அப்புளிப்பே ஓரளவு காவலாகிறது. ஆயினும் நன்கு ஆறிய சோற்றில் தூய நீரை ஊற்றி, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். அதற்கு மேலும் வைத்திருப்பது நல்லதன்று.

குழம்புகளில் புளி மிகுந்து, எண்ணெய் பிரியச் சுண்டக் காய்ச்சிய வற்றல் குழம்பு ஓரளவு தாங்கும். பருப்பு சேர்ந்த சாம்பாரும், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் குருமாவும் தாங்கமாட்டா. தேங்காய்ச் சட்டினியோ எல்லாவற்றினும் விரைவில் கெடுவது. வேகவைக்காமல் கையும் நீரும் பட்டு அரைபடுவதே காரணம். துருவிய தேங்காயையும் உள்ளேதான் வைக்க வேண்டும்.

மீன், இறைச்சி, முட்டை

மீனும் இறைச்சியும் வாங்கியவுடன் சமைக்க வேண்டும், அல்லது குளிரில் வைக்க வேண்டும். சூரை, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகி, முகச் சிவப்பு, தலைவலி, உடல் தடிப்பு ஆகியவற்றை விளைவிக்கும். இதுவும் சமைப்பதால் அழிவதில்லை. பச்சை மீனையும் இறைச்சியையும் மூடிய பாத்திரத்தில், பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் அதன் நீர் கீழே உள்ள சமைத்த உணவில் சொட்டும்.

முட்டையைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கழுவாத முட்டையின் ஓட்டின்மேல் கிருமிகளைத் தடுக்கும் மெல்லிய படலம் இருக்கிறது. அமெரிக்காவில் முட்டைகளைக் கழுவி விற்பதால் குளிரில் வைப்பது அங்குக் கட்டாயம். கழுவாத முட்டை சில நாட்கள் வெளியே இருக்கலாம். ஆயினும் நம் வெயிலுக்கு உள்ளே வைப்பதே மேல். உள்ளே வைத்ததை அடிக்கடி வெளியே எடுத்து வைத்தால் ஓட்டில் நீர் வியர்த்து, கிருமி உட்புக வழியாகும்.

காயும் கனியும்

கீரை, பீன்ஸ், காரட், கொத்துமல்லி, கறிவேப்பிலை ஆகியன குளிரை விரும்புபவை. ஈரத்தைத் துடைத்து உள்ளே வைக்கலாம். வெப்ப நாட்டுக் கனிகளோ குளிருக்கு அஞ்சுபவை. வாழைப்பழம் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்துவிடும். மாங்காயை வெளியே பழுக்க விட்டு, பழுத்தபின் குளிர வைக்கலாம். தக்காளி குளிரில் மணத்தை இழக்கும். ஆகவே நன்கு கனிந்தபின் உள்ளே வைத்தால் போதும். வெட்டிய தர்பூசணி, பப்பாளி போன்றவை எப்போதும் உள்ளேதான்.

உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிக்கும், வறுத்தால் கறுக்கும். அதை இருட்டான, காற்றோட்டமுள்ள கூடையில் வைப்பதே முறை. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் உலர்ந்த காற்று வேண்டும். குளிர்ப்பெட்டியின் ஈரத்தில் அவை முளைக்கும், அழுகும்.

வெளியே இருக்க வேண்டியவை

தேனில் சர்க்கரை மிகுதி. குளிரில் அது உறைந்து கட்டியாகும். நெய்யில் நீர் இல்லை. உப்பும் எண்ணெயும் நிறைந்த ஊறுகாய்க்கு உலர்ந்த கரண்டியே போதிய காவல்; உப்பைக் குறைத்துப் போட்ட ஊறுகாயை மட்டும் உள்ளே வைக்க வேண்டும். ரொட்டி குளிரில் விரைவில் விறைத்துப்போகும். இரண்டு நாளில் தீர்வதானால் வெளியே இருக்கலாம். காப்பித்தூள், வெல்லம், எண்ணெய் ஆகியவற்றுக்கு இறுக மூடிய டப்பாவே போதும்.

பெட்டியைப் பேணும் முறை

உட்புற வெப்பநிலை 5 டிகிரிக்கு மிகாமல் இருக்க வேண்டும். பொருள்களைத் திணித்து அடைத்தால் குளிர்காற்று பரவாது. கொதிக்கும் பாத்திரத்தை அப்படியே உள்ளே வைக்காமல், சிறு பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தட்டில் நிறுத்தி ஆற்றுங்கள். கதவுப்பகுதி அடிக்கடி சூடாவதால் பாலை அங்கு வைக்காமல் உள்தட்டில் வைப்பது நலம். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். எடுத்த உணவை ஒரே முறை, ஆவி பறக்கச் சூடாக்கி உண்டு முடிக்க வேண்டும்.

பெட்டி இல்லாத இல்லங்கள்

குளிர்சாதனப் பெட்டி இல்லாத தோழியரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் வருந்த வேண்டியதில்லை. மேற்கண்ட மூன்று கேள்விகளும் அவர்களுக்கே மிகுதியும் பயன்படும். அளவாகச் சமைத்தல், காலையில் வாங்கியதைக் காலையிலேயே ஆக்குதல், பாலைக் காய்ச்சி விரைவில் பயன்படுத்துதல், மீதமாகும் பாலைத் தயிராக்குதல் ஆகியன சிறந்த வழிகள். கீரையையும் காயையும் ஈரத்துணியால் போர்த்தி நிழலில் வைத்தால், நீர் ஆவியாகும்போது வெப்பம் குறைந்து வாடாமல் இருக்கும். வற்றலும், வடகமும், கருவாடும், ஊறுகாயும் நம் பாட்டிமார் மின்சாரமின்றி உணவைக் காத்த முறைகளே.

முடிவாக, உணவு கெட்டால் முதலில் துன்புறுவோர் சிறு குழந்தைகளும், கருவுற்ற தாய்மாரும், முதியோருமே. ஒரு நாள் வயிற்றுப்போக்கு நமக்குச் சிறு தொல்லை. கைக்குழந்தைக்கோ அது உயிராபத்து. எனவே தோழியரே, இன்று மாலையே உங்கள் சமையலறையைச் சுற்றிப் பாருங்கள். ஈரம் உண்டா, காவல் உண்டா, தோல் உண்டா என்று ஒவ்வொரு பொருளையும் கேளுங்கள். உரியதை உள்ளேயும், மற்றதை வெளியேயும் வைப்போம். உணவையும் காப்போம்; உண்பவரையும் காப்போம்!