மஞ்சள் பையும் மனமும்

பிளாஸ்டிக் பை நிலத்திற்குக் கேடு என்பதை உழவர் பெருமக்கள் நன்கறிவர். மண்ணில் புதைந்த பை மழைநீர் கீழிறங்குவதைத் தடுக்கிறது. பயிரின் வேர் ஓடவும் இடம் தருவதில்லை. மேயும் மாடு அதனை விழுங்கினால், அது செரிக்காமல் இரைப்பையில் தங்கி, நாளடைவில் மாட்டின் உயிருக்கே உலை வைக்கிறது. இவ்வளவும் தெரிந்திருந்தும் கடைக்கு வெறுங்கையுடன் போய்ப் பிளாஸ்டிக் பையுடன் திரும்புகிறோமே, ஏன்? சென்னையில் மஞ்சள் பை பட்ட பாட்டைக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

கூச்சம்

முன்பெல்லாம் தியாகராய நகரில் கலியாணத் துணி எடுத்தாலும், மயிலாப்பூரில் காய்கறி வாங்கினாலும் துணிப்பையே கையில் இருந்தது. பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியபின், மஞ்சள் பை பட்டிக்காட்டின் அடையாளம் எனக் கேலிக்குள்ளாயிற்று.

என் தந்தையார் விவசாயி. என் தங்கையின் திருமணத்திற்குத் துணி எடுக்க அவர் தியாகராய நகர் வந்தபோது கக்கத்தில் மஞ்சள் பை இருந்தது. "அப்பா, அதை மடித்து உள்ளே வையுங்கள்" என்று சொன்னவன் நானே. வேளாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற்ற எனக்குப் பிளாஸ்டிக்கின் தீமை தெரியாததன்று. பார்ப்பவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் அறிவை வென்றுவிட்டது. அவர் மறுபேச்சின்றிப் பையை மடித்துக்கொண்டார்.

பிறர் செய்வதைப் பார்த்தல்

அமெரிக்க ஓட்டல் ஒன்றில் நடந்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. துண்டைத் துவைக்கப் போடாமல் மீண்டும் பயன்படுத்துமாறு அறைகளில் அட்டை வைத்தனர். 'சுற்றுச்சூழலைக் காப்பீர்' என்ற அட்டையைவிட, 'இங்குத் தங்குவோரில் பெரும்பாலோர் இவ்வாறே செய்கின்றனர்' என்ற அட்டைக்கே கூடுதல் பலன் கிடைத்தது. பக்கத்து வயலில் விளைவதைக் கண்டபின் புதிய விதையை வாங்குகிறோம் அல்லவா? அதே மனப்போக்குதான் இது.

மறதி

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. ஆனால் பையை எடுத்துவர மறந்தவருக்குச் சட்டம் பை தராது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம், கேலிக்குள்ளான பெயரையே பெருமையாக்கிற்று. 2022-இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய்க்குத் துணிப்பை தரும் எந்திரமும் வைக்கப்பட்டது. கூச்சத்திற்கு ஒன்று மருந்து, மறதிக்கு மற்றொன்று.

சிறு செலவும் மறதியைப் போக்கும். அயர்லாந்தில் 2002-இல் பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி விதித்தனர். பயன்பாடு சுமார் 90 விழுக்காடு குறைந்தது.

நாம் செய்யக்கூடியவை

1. துணிப்பையை வீட்டினுள் வைக்காமல் வண்டியிலேயே மாட்டி வையுங்கள். நினைவை நம்ப வேண்டியதில்லை.

2. உழவர் சந்தையில் விற்போர், காயை நிறுக்குமுன் "பை இருக்கிறதா?" என்று கேளுங்கள். அடுத்து நிற்பவரும் தம் பையை எடுப்பார்.

3. வீட்டு விசேடங்களில் தாம்பூலத்தைத் துணிப்பையிலேயே கொடுங்கள். ஊரார் கையில் அது காணப்பட்டால் கூச்சம் தானே அகலும்.

4. எரு அடிக்குமுன் அதிலுள்ள பிளாஸ்டிக்கைப் பொறுக்கியெடுங்கள்.

அடையாற்றில் குடியிருக்கும் நான் இன்று காய்கறிக் கடைக்கு மஞ்சள் பையுடன் செல்கிறேன். அது தந்தையாரிடம் கேட்டு வாங்கியது. "இப்போது வெளியே தெரியலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.